காரை நிறுத்தி, சைக்கிளுக்குக் கட்டணம்: நாகர்கோவில் பேரணி பற்றி

இந்த இழையில் ஒருவர் கேட்ட கேள்வி, ஜனவரி 8 (கீழே தேதி போட்டு வருபவை எல்லாம் என் பதில்கள்)

நாகர்கோவிலில் ஒரு ஞாயிறு காலை கார், பஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சைக்கிள் பேரணி விடப்போகிறார்களாம். ஆளுக்கு 600 ரூபாய். டி-ஷர்ட், பதக்கம், காலைச் சாப்பாடு உண்டு. நோட்டீஸில் ஊர்ப் பெயரைவிட ஸ்பான்சர் நகைக்கடையின் பெயர் பெரிதாக இருக்கிறது. அரசாங்க ரோட்டில் நான் சைக்கிள் மிதிக்க நகைக்கடைக்கு ஏன் காசு கட்டவேண்டும்? பகல்கொள்ளை என்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு

கொள்ளை என்பது பெரிய வார்த்தை. நகைக்கடை காசு கொடுக்கிற கட்சி, வாங்குகிற கட்சி அல்ல. உங்கள் 600 போவது நடத்துகிற அமைப்புக்கு. டி-ஷர்ட், நெஞ்சில் குத்தும் நம்பர், பதக்கம், தண்ணீர், ஆம்புலன்ஸ், தடுப்புக் கம்பி வாடகை, மைக் செட், இன்சூரன்ஸ், இட்லி, வடை. எல்லாம் போட்டால் 600இல் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இப்படி ஒன்றுக்கு நான் தன்னார்வலராக நின்று பில்களைப் பார்த்திருக்கிறேன். பதக்கம் ஒன்றுதான் மலிவு.

ஸ்பான்சர் கையை விரித்துவிட்டால் அதே 600 ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே ஸ்பான்சர் இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஜனவரி 9, காலை

அந்தப் பட்டியலில் யாரும் பில் போடாத ஒன்று இருக்கிறது: ரோடு.

ரோடு போட்டது வரிப்பணம். மூடித் தருவது மாநகராட்சியும் போலீஸும். முக்குக்கு முக்கு ஒரு போலீஸ்காரர் விடியற்காலையில் வந்து நிற்க வேண்டும். பஸ்ஸைச் சுற்றி விடவேண்டும். வடசேரிக்குப் போகிற பயணி அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனையும் கொடுத்தவர் பெயர் நோட்டீஸில் ‘மற்றும் பலர்’ அளவுக்குக்கூட இல்லை. கல்யாண மண்டபத்தைச் சும்மா கொடுத்தவரை விட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கித் தந்தவருக்குப் பேனர் கட்டிய மாதிரி இருக்கிறது.

நேற்று நான் போட்ட கணக்கு சரிதான். ஆனால் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சண்டை.

ஜனவரி 9, மாலை

தக்கலை நண்பர் கேட்கிறார்: “வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது, நமக்கு மட்டும் என்ன குறை?”

நடக்கிறது, சரி. எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய உதாரணம் நியூயார்க். அந்த நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டுப் போகும் ‘ஃபைவ் போரோ பைக் டூர்’. 1977இல் சுமார் 250 பேரோடு தொடங்கியது. இப்போது மே மாத முதல் ஞாயிறு, 32,000 பேர் வரை, 64 கிலோமீட்டர், வழியில் ஒரு கார் கிடையாது. நடத்துவது ‘பைக் நியூயார்க்’ என்ற லாபநோக்கமில்லாத அமைப்பு. பெயருக்கு முன்னால் ஒட்டியிருப்பது டி.டி. பேங்க். கட்டணம் நூறு டாலரைத் தாண்டும்.

நியூஜெர்சியில் இருக்கிற என் சித்தி மகன் இதில் ஓட்டியிருக்கிறான். காசு போனதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை அவனுக்கு. ஏன் என்று கேட்டேன். கடைசியில் வருகிற வெரசானோ பாலத்துக்காக என்றான். கடலின் வாயில் நிற்கிற பெரிய தொங்குபாலம். மற்ற நாளில் அதில் சைக்கிளுக்கும் வழி இல்லை, நடப்பவருக்கும் வழி இல்லை. சைக்கிளுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

அவன் காசு கொடுத்து வாங்கியது மற்ற நாளில் கிடைக்காத ஒன்று. நான் 600 கட்டினால் கிடைப்பது வெட்டூர்ணிமடத்திலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தினமும் மிதிக்கிற அதே ரோடு. பஸ் ஹாரன் இல்லாமல் கிடைக்கும், அது உண்மை. அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒரு விடியலில் மூடித் தருவதாகச் சொல்லட்டும், நாளைக்கே 600 கட்டுகிறேன்.

ஜனவரி 10

“அப்படியென்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் விடலாமே” என்று ஒருவர். 115 அடி உயரம், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, நடைபாதை ஒரு ஆள் அகலம். எதிரே ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்தால் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான். வேண்டாம் அண்ணே.

ஜனவரி 11

நியூயார்க் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகிவிடும். 2013 வாக்கில் அந்த நகர நிர்வாகம் பந்தோபஸ்துச் செலவு என்று கிட்டத்தட்ட 10 லட்சம் டாலரை நடத்துகிறவர்களிடம் கேட்டது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கின் கேள்வியே இதுதான்: இது நற்பணி நிகழ்ச்சியா, வியாபார நிகழ்ச்சியா?

நற்பணி என்பதற்கு அவர்கள் கையில் ஒரு பதில் இருந்தது. மிஞ்சுகிற பணத்தில் வருடம் முழுக்கச் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இலவசமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். சிகாகோவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. 2002 முதல் வருடத்தில் ஒரு நாள் ஏரிக்கரைச் சாலையை மூடிக் கட்டணச் சைக்கிள் விடுகிறார்கள். அந்தப் பணம் சைக்கிளுக்கும் நடைபாதைக்கும் வாதாடுகிற ஓர் அமைப்புக்குப் போகிறது.

நம் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். மிச்சப் பணம் எங்கே போகும் என்று ஒரு வரி இல்லை. ‘ஆரோக்கியமான குமரி’ என்று மட்டும் இருக்கிறது.

ஜனவரி 12

“அது அந்தக் கம்பெனியின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பணம் சார், சமூக சேவை, குறை சொல்லாதீர்கள்” என்று கோபப்பட்டிருக்கிறார் ஒரு தம்பி.

தம்பி, சட்டம் உங்கள் பக்கம் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கம்பெனிகள் (நிகர லாபம் 5 கோடி என்பது அதில் ஒரு வரம்பு) முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஆனால் 2014 ஜூனிலேயே மத்திய அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: மாரத்தான் மாதிரி ஒரு நாள் நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் சேராது. 2021இல் திருத்திய விதிகள் இன்னும் தெளிவு. தன் சரக்குக்கு விளம்பரப் பலன் வரும்படி ஸ்பான்சர் செய்வது சமூகப் பொறுப்புச் செலவே ஆகாது.

ஆகவே இது விளம்பரச் செலவு. அதில் தப்பும் இல்லை. விளம்பரம் என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும், நன்றிப் பத்திரம் வாசிக்கச் சொல்லாமல்.

உண்மையிலேயே சேவை செய்ய ஆசை என்றால் வழி இருக்கிறது. அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. மழையிலும் உப்புக்காற்றிலும் அவை துருப்பிடித்து நிற்பதைக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் பார்க்கலாம். கூரை போட்ட ஒரு ஸ்டாண்டும், வருடத்துக்கு ஒருமுறை செயின், பிரேக் பார்க்க ஒரு மெக்கானிக்கும் கொடுத்தால் போதும். அதில் பேனர் சின்னதாகத்தான் வரும், அதுதான் சிக்கல்.

ஜனவரி 12, இரவு

ஸ்பான்சர் பட்டியலில் ஒரு கார் ஷோரூம் இருப்பதை இன்றுதான் கவனித்தேன். கார் இல்லாத தெருவுக்குக் கார்க்காரர் காசு. சிரித்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

ஜனவரி 14

பொங்கல் வேலைக்கு நடுவில் இதை எழுதக் காரணம், “நீங்கள் தன்னார்வலராக நின்றதைச் சொல்லுங்கள்” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நம் ஊர்தான், சில வருடம் முன்பு. எனக்குக் கிடைத்தது ஒரு முக்கு, ஒரு விசில், முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட பச்சை கோட்டு. சொல்லித் தந்த விதி ஒன்றே ஒன்று: நம்பர் குத்தாத சைக்கிளை உள்ளே விடாதே. இன்னும் முழுதாக விடியவில்லை. தோவாளைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பழைய கறுப்புச் சைக்கிள், பின்னால் கேரியரில் பெரிய பூக்கூடை, மேலே ஈரச்சாக்கு. தோவாளைச் சந்தை நமக்குத் தெரியும், ஊர் எழும்புவதற்குள் அங்கே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

“அண்ணாச்சி, இறங்கி ஓரமா உருட்டிட்டுப் போங்க, பேரணி போவுது” என்றேன்.

“நானும் சைக்கிள்லதானே தம்பி போறேன்?”

கேள்வியில் கிண்டல் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். விதியைச் சொன்னேன். சரி என்று இறங்கி உருட்டினார். அடுத்த வளைவில் நான் திரும்பிப் பார்க்கும்போது ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டார், ஐம்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிள்களுக்கு நடுவில், அவர்களுக்குச் சமமான வேகத்தில். தண்ணீர் கொடுக்கிற பிள்ளைகள் அவருக்கும் பாட்டில் நீட்டியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டாராம்.

கதை அதோடு முடியவில்லை. நடத்தியவர்கள் பிறகு போட்ட போட்டோக்களில் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அவர் படம்தான். பூக்கூடையோடு, அலங்கார வளைவின் கீழே, தலைக்கு மேலே கம்பெனிப் பெயர். காசு கட்டியவர்கள் முகமெல்லாம் ஹெல்மெட்டுக்குள் போய்விட்டது. விளம்பரத்துக்கு நல்ல முகம் எது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, உள்ளே விடத்தான் மனமில்லை.

ஜனவரி 15

“விதி என்றால் விதிதான், நம்பர் இல்லாதவர் விழுந்தால் இன்சூரன்ஸ் யார் தருவது?” என்கிறார் குளச்சல்காரர். இந்த இழையில் என்னை மடக்கிய முதல் கேள்வி. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 17

யோசித்தாயிற்று. லண்டன்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், ஒரே வார இறுதியை இரண்டாகப் பிரித்தார்கள். 2013இல் ‘ரைட் லண்டன்’ தொடங்கியபோது தலைப்பில் புருடென்ஷியல் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர். நூறு மைல் ஓட்ட விரும்பியவர்கள் காசு கட்டி, நம்பர் வாங்கி, நேரம் குறித்து ஓட்டினார்கள். நகரின் நடுவில் ஒரு சுற்று மட்டும் கார் இல்லாமல் மூடி, யார் வேண்டுமானாலும் இலவசமாக ஓட்ட விட்டார்கள். குழந்தை, கிழவர், கூடை வைத்த சைக்கிள், எதுவானாலும். ஒரே ஸ்பான்சர் குடைக்கு அடியில் இரண்டும் நடந்தன.

அப்படியானால் கட்டணம் ரோட்டுக்கு இல்லை. ரோட்டின் மேல் வைக்கிற கூடுதல் சங்கதிகளுக்கு. நேரக்கணக்கு, பதக்கம், டி-ஷர்ட், தனிப்பட்ட இன்சூரன்ஸ். வேண்டாதவர் அவரவர் பொறுப்பில், தினமும் ரோட்டில் போகிற மாதிரி போகட்டும். பூக்காரர் மற்ற நாளில் பஸ்ஸுக்கும் டிப்பர் லாரிக்கும் நடுவில் போகிறாரே, அப்போது யார் இன்சூரன்ஸ் கேட்டார்கள்? கார் இல்லாத நாளில்தான் அவர் உயிரைப் பற்றி எல்லோருக்கும் கவலை வருகிறது.

குளச்சல்காரரே, இது முழுப் பதில் இல்லை என்று தெரியும். கூட்டமாகப் போகும்போது ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிற பத்துப் பேரும் விழுவார்கள். வேகமாகப் போகிறவர்களை முதலில் விட்டு, அரை மணி கழித்து மற்றவர்களை விடலாம் என்பதுதான் எனக்குத் தோன்றுகிற வழி.

ஜனவரி 18

முழுக்க இலவசமாக நடக்கிற இடங்களையும் கேட்டீர்கள். பெரியவர் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டா. 1974 டிசம்பரில் தொடங்கி, இப்போது ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 முதல் மதியம் 2 வரை 120 கிலோமீட்டருக்கு மேல் தெருக்களில் கார் கிடையாது. டிக்கெட்டும் கிடையாது. நியூயார்க்கிலேயே 2008 முதல் ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் பார்க் அவென்யூவை மூடிச் சும்மா விடுகிறார்கள். நம் நாட்டில் 2013 நவம்பரில் டெல்லி பக்கத்துக் குர்காவ்னிலும், 2014இல் சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையிலும் இப்படித் தொடங்கினார்கள்.

பெசன்ட் நகருக்கு நான் போயிருக்கிறேன், அப்போது சென்னையில் வேலை. சைக்கிள் ஓட்டியவர்களைவிட நடு ரோட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம். ஒரு அம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டுப் பேப்பர் படித்தார்.

ஜனவரி 20

இன்னொரு சங்கதி, இதை யாரும் எழுப்பவில்லை. ஞாயிறு காலை ரோடு காலியாக இருக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

நம் மாவட்டத்தில் ஞாயிறு காலைதான் ஜனம் தெருவில் இருக்கிற நேரம். சி.எஸ்.ஐ. சபைகளுக்கு ஆராதனை, கத்தோலிக்க ஆலயங்களில் பூசை. கடற்கரை ஊர்களில் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை, ஊரே வெள்ளைச் சட்டையில் கோயிலுக்குப் போகும். மாற்றுப் பாதை என்று இவர்கள் பேசிக்கொள்வது மணக்குடி, பள்ளம், சொத்தவிளைக் கடற்கரைச் சாலை. காற்றும் கடலும் அருமைதான், மறுப்பில்லை. ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு ஊரிலும் ரோட்டை ஒட்டி ஒரு ஆலயம். பூசை விட்டு வருகிற கூட்டத்துக்குள் ஹெல்மெட் கூட்டம் மணியடித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துபாருங்கள். சென்னையிலிருந்து நிகழ்ச்சி நடத்த வருகிறவர்களின் பட்டியலில் ஞாயிறு என்று அச்சடித்திருக்கும், அதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

ஜனவரி 21

“சனிக்கிழமை?” சந்தைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். “திங்கள்?” உங்களுக்கு வேலை இல்லையா? ஞாயிறே இருக்கட்டும், ஆனால் ஏழு ஏழரைக்குள் ரோட்டைத் திறந்துவிட வேண்டும்.

ஜனவரி 25

சிவாலய ஓட்டத்தை ஏன் யாரும் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில், ‘கோவிந்தா கோபாலா’ என்று ஓட்டம். கட்டணம் இல்லை, நம்பர் இல்லை, பதக்கம் இல்லை. வழி நெடுக வீட்டு வாசலில் மோரும் பானகமும் கஞ்சியும். இப்போது மோர்ப் பந்தலில் கடைப் பெயரும் கட்சிப் பெயரும் தொங்குகிறது. அதனால் மோர் புளித்துவிடவில்லை. பெயர் போட்டவர் வாசலில் நின்று யாரையும் தடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஆனால் இதை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. ஓடுகிறவர்களைவிட பைக்கிலும் வேனிலும் சுற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள், இரவில் அந்த ரோட்டில் நடக்கவே பயம். கார் இல்லாத தெரு முதலில் வேண்டியது இவர்களுக்குத்தான்.

ஜனவரி 30

நடத்துகிறவர்களைப் போய்ப் பார்த்தோம், நானும் இந்த இழையில் எழுதுகிற இரண்டு பேரும். சண்டை போடும் திட்டத்தோடு போனோம், அவர்கள் சாயாவும் ரசவடையும் வாங்கிக்கொடுத்துவிட்டார்கள்.

பேசியதில் விளங்கியது: ஸ்பான்சருக்கு வேண்டியது தொடக்க வளைவில் பெயர், டி-ஷர்ட்டில் பெயர், மேடையில் ஐந்து நிமிடம், போட்டோ. நம்பர் இல்லாதவரைத் தடுக்கவேண்டும் என்று எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. அது நடத்துகிறவர்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட விதி. “சும்மா விட்டால் யார் சார் காசு கட்டுவார்கள்?” என்றார் பொருளாளர். அவர் பயம் நியாயமானது. டி-ஷர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் நம் ஊரில் ஆசை குறையாது, கவலைப்படாதீர்கள் என்றேன்.

எனர்ஜி பார் என்று ஒன்று கொடுக்கப்போகிறார்களாம், அதற்கும் ஒரு ஸ்பான்சர். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப்பழம் வீட்டுக்கு வீடு காய்க்கிற மாவட்டத்தில்!

பிப்ரவரி 3

முடிவு வந்தது. 5.30க்கு நம்பர் குத்தியவர்கள், 6 மணிக்கு மற்ற எல்லோரும், இலவசம். 7.30க்கு ரோடு திறக்கும். பூ, மீன், பால், பேப்பர் கொண்டுபோகிற சைக்கிளை எந்த நேரத்திலும் தடுக்கக்கூடாது என்று தன்னார்வலர் தாளில் எழுதிவிட்டார்கள். மிச்சப் பணத்தின் கணக்கை வெளியிடுவது பற்றி ‘ஆலோசிக்கிறோம்’. அதை இப்போதைக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “இப்போது நீங்கள் காசு கட்டுவீர்களா, ஆறு மணிக்கு வருவீர்களா?” என்கிறார்.

ஆறு மணிக்கு. மருமகனுக்குத்தான் பதக்கம் வேண்டுமாம், அவனுக்குக் கட்டிவிட்டேன். டி-ஷர்ட் வேண்டாம் என்றால் 600 இல்லை, 350தான். ஆனால் அந்தக் கட்டம் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அடியில், ஸ்பான்சர் படங்களுக்கும் கீழே இருக்கிறது. தேடி டிக் பண்ணுங்கள்.